சங்கிலித் தடை

ஜனவரி 19, ஞாயிறு

அப்பா கோத்தகிரிப் பக்கம் ஏதோ ஓர் எஸ்டேட்டில் கழித்துப் போட்ட மரம் அறுக்கும் மிஷின்கள் மூன்றை இன்று வாங்கி வந்தார். ராசாங்கம் மாமாதான் ஜீப்பில் ஏற்றி வந்தார். சாக்கை அவிழ்த்ததும் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மூணும் பொணம். இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?"

"மூணு பொணத்துல ரெண்டு உசுரு இருக்கு பாண்டியம்மா. நீ பாரு."

"மாமா கைராசிக்கு மூணும் எந்திரிச்சு வந்து சோறு கேக்கும்க்கா. இப்பவே உலையில கூட ஒரு படி போட்டு வையி" என்றார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. வாழைத்தார் ஏற்றும் ஜீப்பில் டிரைவர். வண்டி அவருடையதில்லை. முதலாளி அதை விற்கப்போகிறார் என்று தீபாவளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். அத்தை மட்டும் சிரிக்கமாட்டார்.

எங்கள் மலையில் காப்பித் தோட்டங்களுக்குள் நிழலுக்காகவும் மிளகுக்கொடி படரவும் சில்வர் மரம் வளர்க்கிறார்கள். அதைக் கழிக்கவும் அறுக்கவும் எல்லோருக்கும் மிஷின் வேண்டும். புது மிஷின் வாங்க எல்லோராலும் முடியாது. முடியாதவர்கள் அப்பாவின் ரிப்பேர்க் கடையைத் தேடி வருவார்கள்.

பழைய பல்துலக்கும் பிரஷும் டீசலும் வைத்து அழுக்கு எடுப்பது என் வேலை. மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து அல்வா மாதிரி இறுகியிருந்தது. ஒன்றின் மூடிக்குள் குளவி கூடு கட்டிவிட்டுப் போயிருந்தது. மூன்றும் ஒரே அச்சு என்பதால் குழம்பாமலிருக்க சாக்பீஸால் அ, ஆ, இ என்று எழுதி வைத்தேன்.

சாக்கின் அடியில் ஓர் ஆங்கிலக் கையேடு கிடந்தது! அட்டை இல்லை. ஓரங்களை எலி தின்றிருக்கிறது. அப்பா அதை அடுப்புக்குப் போடச் சொன்னார். நான் தரவில்லை. இந்த வீட்டில் நான் படிக்காத அச்செழுத்து என்று இப்போது மிச்சமிருப்பது அது ஒன்றுதான். விதைப் பொட்டலத்தைக்கூட இரண்டு தடவை படித்தாயிற்று.

ஜனவரி 22, புதன்

கையேட்டை அகராதி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். நம் கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே சொல்லிவிடுவதால் நானே சொற்கள் செய்யவேண்டியிருக்கிறது. ஆக்ஸிலேட்டருக்கு முடுக்கி. செயின் பிரேக்குக்குச் சங்கிலித் தடை. மிஷினின் நுனி மரத்தில் பட்டால் அது முகத்தை நோக்கி எகிறுமாம், அதற்கு எதிருதை.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "எதிருதையா? உங்கம்மாவுக்குப் பேரு வச்ச மாதிரி இருக்கு" என்றார். அடுப்படியிலிருந்து கரண்டி விழும் சத்தம் கேட்டது.

ஆனாலும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்.

ஜனவரி 25, சனி

'இ' பிழைக்காது, சிலிண்டர் வெடித்துவிட்டது. அதிலிருந்து எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டோம்.

'அ' ஓடுகிறது. அதை மேலே உள்ள காப்பி எஸ்டேட்டுக்குக் கொடுக்கப்போகிறோம். அதன் பிரேக் பட்டை மட்டும் முறிந்திருந்தது. கைப்பிடிக்கு முன்னால் கேடயம் போல ஒரு தகடு இருக்கிறது. அதை முன்னால் தள்ளினால் மூடிக்குள் இருக்கும் எஃகுப் பட்டை இறுகி, மரத்தை அறுத்துக்கொண்டு ஓடும் சங்கிலியைப் பிடித்து நிறுத்தும். அதுதான் சங்கிலித் தடை. எஸ்டேட் மேனேஜர் இதையெல்லாம் தள்ளிப் பார்த்துத்தான் வாங்குவாராம். அதனால் அப்பா 'ஆ'வைத் திறந்து அதிலிருந்த நல்ல பட்டையைக் கழற்றி 'அ'வுக்குப் போட்டார். 'இ'யின் பட்டை துருவில் கரைந்தே போயிருந்தது. முறிந்த பட்டையை எடுத்துப் பார்த்தேன். உடைந்த வளையல் மாதிரி இருந்தது.

"அப்ப 'ஆ'வுக்கு?"

"தகடு இருக்கட்டும். பாக்கிறவனுக்கு மூளியாத் தெரியக்கூடாதுல்ல."

தகட்டைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் 'டக்' என்று சொன்னது.

நாளை குடியரசு தினம். கட்டுரை வாசிக்க என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 1, சனி

எஸ்டேட் மேனேஜர் 'அ'வை எடுத்துப்போனார். தடையைப் போட்டு, முடுக்கிப் பார்த்து, தலையாட்டினார். அப்பாவுக்கு ஒரு வேலை முடிந்த முகம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதவேண்டும்.

காலையில் போடியிலிருந்து மூக்கையா வந்தார். மலையில் எந்தத் தோட்டத்தில் மரம் கழித்தாலும் ஆள் அனுப்புவது அவர்தான். அவர் நல்லது என்று சொன்ன மிஷின் மலை முழுவதும் நல்லது. அவர் வருவதற்கு முன்பே அப்பா 'ஆ'வை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். சூடாக இருக்கும் மிஷின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்ளும். பிடித்தது. ஒரு பலாக்கட்டையைத் துண்டு போட்டுக் காட்டினார். வெண்ணெய் மாதிரி இறங்கியது.

அந்த நேரம் ராசாங்கம் மாமாவும் வந்தார். நடந்து வந்தார். ஜீப் விற்றாயிற்று.

"பாப்பா, அந்தப் புஸ்தகத்துல இருக்கிறதை மூக்கையா அண்ணனுக்குச் சொல்லு" என்றார் அப்பா.

நான் மிஷினைக் கட்டையின் மேல் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். இது முடுக்கி, அமுக்கினால் சங்கிலி ஓடும், விட்டால் தானாக நிற்கும். இது எண்ணெய் ஊற்றும் வாய். நுனியால் அறுக்கக் கூடாது, எதிருதை வரும். இது சங்கிலித் தடை. ஓர் அடி எடுத்து வைப்பதானாலும், சிக்கிய கொடியை எடுப்பதானாலும், முதலில் இதை முன்னால் தள்ளவேண்டும். டக் என்று கேட்டால் சங்கிலி கட்டுப்பட்டுவிட்டது. தவறி முடுக்கியில் கை பட்டாலும் சங்கிலி நகராது. ஆனால் தடை போட்டபடி முடுக்கியை அமுக்கிப் பழகக் கூடாது, கிளட்ச் கருகிவிடும்.

மூக்கையா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "ரேடியோவுல விவசாயச் செய்தி கேட்ட மாதிரி இருக்குய்யா. கோட்டைச்சாமி, நீ சொன்னா நாலுல ரெண்டு பொய்யி. இந்தப் புள்ளைக்குப் பொய் சொல்லவே தெரியாது. எடுத்துக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மற்றவர்கள் சிரித்து முடித்தபிறகு சிரித்தார்.

அப்போது மாமா அப்பாவிடம், "மாமா, இது எனக்கு வேணும்" என்றார்.

"உனக்கா? எதுக்கு?"

"இனிமே அடுத்தவன் வண்டிக்கு டிரைவர் வேலை பாக்கிறதில்லைன்னு இருக்கேன். சொந்தமா மரம் அறுக்கப் போறேன். பாப்பா சொல்றதைக் கேக்கக் கேக்க எனக்கே எல்லாம் புரிஞ்சு போச்சு. எஸ்டேட்காரங்ககிட்ட பேசிட்டேன், மிஷினோட வான்னு சொல்லியிருக்காங்க."

"இது வேணாம்டா. உனக்கு நான் வேற நல்லதா ஒண்ணு..."

மூக்கையா மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப இது நல்லது இல்லையா?"

அப்பா மிஷினைப் பார்த்தார். மூக்கையாவைப் பார்த்தார். பிறகு இருமினார். "நல்லது இல்லாமயா! நல்லதுதான்."

"அப்புறமென்ன? மச்சினன் ஆசைப்பட்டுக் கேக்கிறான். குடுத்துவிடுய்யா. எனக்கு அடுத்ததைச் செஞ்சு வையி."

மாமா என்ன விலை என்று கேட்டார். அம்மா அதற்குள் வாசற்படிக்கு வந்திருந்தாள். அப்பா அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, "உங்க அக்காளைக் கட்டிட்டு வந்ததுல இருந்து உனக்கு நான் என்னத்தைச் செஞ்சுட்டேன்? கொண்டு போ. விலை பேசாத" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாப்பாட்டில் அப்பாவுக்கு இரண்டு முட்டை.

மாமா மிஷினைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். "வர்றேன் டீச்சர்" என்று எனக்கு ஒரு கும்பிடு வேறு.

'ஆ'வுக்கு அப்பா எப்போது பட்டை போட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் போட்டிருக்கலாம்.

பிப்ரவரி 3, திங்கள்

குழாயடியில் அம்மா நான்கு பேரிடம் சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் எந்தம்பிக்கு ஒரு தொழிலையே எடுத்துக் குடுத்துட்டாரு." நான் குடம் நிரம்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவின் ஊர்க்காரர்கள் அப்பாவைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு வந்தபோதுகூட ஸ்பேனரோடு வந்தவன் என்பார்கள்.

சாயங்காலம் அப்பா சங்கிலியின் பல்லுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, 'ஆ'வுக்குப் பட்டை எங்க கிடைச்சுச்சு?"

அரம் நிற்கவில்லை.

"பழைய கையி எவனும் அந்த பிரேக்கைத் தொடமாட்டான். மூக்கையாவோட ஆளுக வாங்குன அன்னைக்கே அதைக் கழட்டி வீசிருவானுக. வேலைக்கு இடைஞ்சல்னு."

"மாமா பழைய கை இல்லையேப்பா."

இப்போது நின்றது. "பட்டை வாங்கிப் போட்டுருவேன். ஒரு வாரம். அம்மாகிட்ட இதெல்லாம் பேசாத, என்ன?"

சரி என்றேன். அப்பா சொன்னால் செய்வார். போன வருடம் என் சைக்கிளுக்குப் பெல் வாங்கித் தருகிறேன் என்றார், வாங்கித் தந்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாமா முதல் வார வேலை முடிந்து அல்வாவோடு வந்தார். புருவத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது. எதிர்மலைத் தோட்டத்தில் அறுக்கிறாராம்.

"கூட வேலை செய்யிறவனுக எனக்குப் பேரே வச்சுட்டானுகக்கா. பிரேக்கு மாமாவாம். நான் ரெண்டு எட்டு நகந்தாலும் பிரேக்கைப் போட்டுட்டுத்தான நகருறேன். 'யோவ், இது என்ன கொண்டை ஊசி வளைவா'ங்கிறானுக. இத்தனை வருசம் இந்த மலையில வண்டி ஓட்டுன காலுடா இது, பிரேக் இல்லாட்டி எனக்குத் தூக்கமே வராதுன்னேன். தள்ளுனா டக்குங்குது. 'சரி ராசாங்கம், நீ போ'ன்னு சொல்ற மாதிரியே இருக்கு."

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவுக்குக் கடையில் ஏதோ வேலை இருந்தது.

அல்வா நன்றாக இருந்தது. நான் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

அறிவியல் தேர்வு. நெம்புகோல் கேள்விக்குப் படம் சரியாக வந்தது. அப்பா இன்னும் பட்டை வாங்க மதுரைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். இலை போட்டபிறகு சாப்பிட மாட்டேன் என்று அடம்.

"டீச்சர் எனக்குப் பரீட்சை வைக்கணும். பாஸானாத்தான் சோறு."

"எந்தம்பியைப் பாரு, இந்த வயசுல இவனுக்குப் பரீட்சை" என்றாள் அம்மா.

எண்ணெய் எவ்வளவு கலக்கவேண்டும் என்று கேட்டேன். சொன்னார். எதிருதை எப்போது வரும் என்று கேட்டேன். சோற்றுக் கரண்டியை மிஷினாகப் பிடித்து, நெற்றியில் அடிபட்டது மாதிரி விழுந்து நடித்துக் காட்டினார். சங்கிலி எவ்வளவு தொய்வாக இருக்கலாம் என்று கேட்டேன். அதுவும் சரி.

"அவ்வளவுதான் மாமா. பாஸ்."

"என்னா டீச்சர், முக்கியமானதை விட்டுட்ட? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி ஒப்பித்தார். "சங்கிலித் தடை. ஓரடி நடந்தாலும், கொடி சிக்குனாலும், முன்னாடி தள்ளணும். டக்குன்னு கேக்கணும். தடை போட்டுட்டு முடுக்கியை அமுக்கிப் பாக்கக் கூடாது. அமுக்குனா கிளட்ச் கருகும். நான் இதுவரைக்கும் ஒருதடவைகூட அமுக்கலை தெரியுமா?"

அப்பா வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். முழுவதும் உரித்த பிறகும் நார் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மார்க்கு?"

நூற்றுக்கு நூறு என்றேன். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அவர் போனபிறகுதான் தோன்றியது. நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். "மாமா, ஒரே ஒரு தடவை, கையை எட்ட வைத்துக்கொண்டு, தடை போட்டபடி முடுக்கியை அமுக்கிப் பாருங்கள்." அவரே கண்டுபிடித்திருப்பார். அப்பா சொன்னதாகவும் ஆகாது, நான் சொன்னதாகவும் ஆகாது. இவ்வளவு எளிதான வாக்கியம் சாப்பாட்டு நேரத்தில் ஏன் வரவில்லை?

பிப்ரவரி 17, திங்கள்

அம்மாவின் போனில் மாமாவைக் கூப்பிட்டேன். அந்தத் தோட்டத்தில் டவர் கிடையாது. பிறகு வீட்டு எண்ணுக்கு அடித்தேன். முருகேஸ்வரி அத்தை எடுத்தார்.

"என்னா பாப்பா, ஏதும் விசேசமா?"

"ஒண்ணும் இல்ல அத்தை. சும்மாதான்."

"உங்க மாமா இப்பல்லாம் வேலைக்குப் போறப்ப பாட்டு பாடிட்டுப் போறாரு. உங்கப்பா புண்ணியம். அவருகிட்ட ஏதும் சொல்லணுமா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். அத்தையிடம் சொன்னால் அது அம்மாவிடம் சொன்னது மாதிரிதான்.

பிப்ரவரி 20, வியாழன்

அப்பா மதுரை போய்ப் பழைய இரும்புக் கடைகளில் தேடி ஒரு பட்டை வாங்கி வந்தார். அச்சு வேறு, வட்டம் பெரிது. கைவசமிருந்த 'இ'யின் மூடியில் வைத்துப் பார்த்தார், உட்காரவில்லை. சூடாக்கித் தட்டிச் சிறிதாக்கப் பார்த்தார். மூன்றாவது அடியில் விண்டுபோனது. இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். ஆடை படியும்வரை குடிக்கவில்லை.

"கோயம்புத்தூர்ல சொல்லி வச்சிருக்கேன்" என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாமா இந்த வாரம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலையாம். போன் மட்டும் பேசினார். அப்பா பேசியது எனக்குக் கேட்டது.

"மாப்ள, மிஷினை ஒருநாள் கொண்டாந்து குடுத்துட்டுப் போ... சும்மா ஒரு சர்வீஸுக்குத்தான்... இல்லல்ல, கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல... அதில்லடா... சரி, வேலை முடியட்டும்... சரி, சரி."

"நல்லா ஓடிட்டு இருக்கிற குதிரையை எதுக்கு லாயத்துல கட்டணும்கிறான்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"விடுங்க. குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவருக்காகத் துவைத்து மடித்த சட்டையை நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

கோளாறு இல்லை என்ற வார்த்தையை அப்பா சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பதில் வேறு ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 1, சனி

பத்து நாள் முன்பு பெய்த மழைக்குக் காப்பி பூத்துவிட்டது. மலை முழுவதும் மல்லிகை வாசம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாமாவின் மிஷின் சத்தம் கேட்கிறது. மரத்துக்கு மரம் நிறுத்தி நிறுத்தித்தானே அறுப்பார்கள். அது நிற்கும் போதெல்லாம் நானும் எழுதுவதை நிறுத்துகிறேன். மறுபடி உறுமியதும் எழுதுகிறேன். சமூக அறிவியல் ஒரு பாடம்கூட முடியவில்லை.

அப்பாவும் அரத்தை நிறுத்துகிறார் என்பதை இன்றுதான் கவனித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

மாமாவுக்கு அடிபட்டுவிட்டது.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார். சில்வர் மரத்தில் படர்ந்திருந்த மிளகுக்கொடி பிளேடில் சுற்றிக்கொண்டதாம். மாமா இடது கையால் அதை இழுத்து எடுத்தபோது வலது கைப் பிடி நழுவி முடுக்கி அமுங்கிவிட்டதாம். சங்கிலி ஓடிவிட்டது. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

கொடி சிக்கினால் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மார்ச் 5, புதன்

பள்ளிக்குப் போகவில்லை. பால் கறை போகும்வரை அடுப்பைத் தேய்த்தேன்.

மார்ச் 6, வியாழன்

உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது கையில் பெருவிரலும் அடுத்த விரலும் மட்டும் இருக்கின்றன. அப்பா வந்து சொல்லிவிட்டுக் குளிக்காமல் கடைக்குப் போனார். தோட்டத்து ஆட்கள் மிஷினைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அப்பா அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். மூடியைத் திறந்தார். உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் திறந்து பார்த்தார்.

மூக்கையா விசாரிக்க வந்தார். "புதுக் கையி. அவசரப்பட்டுட்டான். பிரேக்கு பிரேக்குன்னு வாயாலதான் சொல்லிக்கிட்டிருந்தான், வேலை நேரத்துல மறந்துட்டான் போல. பாவம்."

அப்பா மிஷினின் மூடியை எடுத்து மறுபடி மாட்டினார். நான் மூக்கையாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பழைய கை யாரிடமாவது அந்த மிஷின் போயிருந்தால் இப்படி ஆகியிருக்காது. அவன் அந்தத் தகட்டை நம்பியிருக்கமாட்டான். மிஷினை அணைத்துவிட்டுத்தான் கொடியைத் தொட்டிருப்பான். இந்த மலையில் அதை நம்பியவர் ஒருவர்தான்.

மார்ச் 8, சனி

அப்பாவும் நானும் காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா அன்றிலிருந்து அங்கேயே இருக்கிறாள்.

மாமாவின் கையைத் தலையணை மாதிரி கட்டுப் போட்டு உயரத்தில் வைத்திருந்தார்கள். முகம் சிறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "டீச்சர் வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் உண்மையாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

முருகேஸ்வரி அத்தை சிரிக்கவில்லை. "வாயி மட்டும் குறையலை. வாயில போட்டிருக்கணும் அந்த பிரேக்கை."

அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பார்வையாளர் நேரம் எழுதிய பலகை அங்கே இருந்தது, அதைப் படித்தார். நானும் படித்துவிட்டேன், நான்கு வரிதான். அவர் படித்துக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"பாப்பா, ஒரு சந்தேகம். படுத்துப் படுத்து அதையேதான் யோசிச்சிட்டிருக்கேன். கொடி சிக்குச்சு. நான் தடையைத் தள்ளுனேன். டக்குன்னு கேட்டுச்சு. அப்புறம்தான் கையைக் கொண்டு போனேன். ஆனா உங்கத்தை, நீ தள்ளியிருக்க மாட்டய்யாங்கிறா. தோட்டத்துல எல்லாரும் அதான் சொல்றாங்களாம். கேட்டுக் கேட்டு எனக்கே இப்பக் குழப்பமா இருக்கு. தள்ளுனேனா, தள்ளுன மாதிரி நெனச்சுக்கிட்டேனா? நீ சொன்னதுல நான் எதையாச்சும் விட்டுட்டேனா? மறுபடியும் ஒருதடவை சொல்லு."

வரும் வழியெல்லாம் நான் எதையும் சொல்வதில்லை என்றுதான் நினைத்து வந்தேன். பெரியவர்கள் விஷயம் என்று நினைத்தேன். அம்மா குழாயடியில் பேசிய குரலையும் நினைத்தேன். ஆனால் அவர் பாடத்தைக் கேட்கிறவர் மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எதையும் விடலை மாமா" என்றேன். "நீங்க சரியாத்தான் தள்ளுனீங்க."

"அப்ப ஏன் நிக்கலை?"

அப்பாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு நான் பார்த்த பக்கம் திரும்பினாள்.

அப்பா சன்னலை விட்டு வந்து கட்டிலருகே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "மாப்ள" என்றார். மறுபடியும், "மாப்ள" என்றார். "அதுல பட்டை இல்லடா. நான்தான் கழட்டுனேன். அன்னைக்கு மூக்கையா நின்னுட்டிருந்தான். அப்புறம் உங்கக்கா... நீ எத்தனை தடவை தள்ளியிருந்தாலும் அது நின்னிருக்காது."

மாமாதான் முதலில் பேசினார். அத்தையின் பக்கம் தலையைத் திருப்பினார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"கேட்டியா முருகேஸ்வரி? நான் தள்ளியிருக்கேன். நான் சொன்னேன்ல, நான் தள்ளுனேன்னு!"

அத்தை அவரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உரித்த சுளைகளை எடுத்து மறுபடியும் தோலுக்குள் வைத்து மூடினாள்.

மாமாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோகக் கொஞ்ச நேரம் ஆனது.